சேலத்து வெயிலில் எஃப்127 ஜெல்: முதன்முதலாகச் செய்பவர்களுக்கு

ஆய்வுக் கட்டுரைகளில் "அறை வெப்பநிலை" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். அவர்கள் சொல்வது 20 முதல் 25 டிகிரி செல்சியஸ். சித்திரையில் சேலத்தில் ஏ.சி. இல்லாத ஆய்வகம் 35 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். மார்கழிக் காலையில் ஏற்காட்டில் மேசை 15 டிகிரியை ஒட்டி இருக்கும். உப்பைக் கரைப்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. பொலாக்சமர் 407 (எஃப்127) என்ற பிளாக் கோபாலிமரை, அதாவது வெவ்வேறு பாலிமர்த் துண்டுகள் ஒரே சங்கிலியாக இணைந்த பொருளைக் கரைப்பவருக்கோ வேலை முழுவதும் இதைச் சுற்றித்தான் நடக்கும். அதன் 20% கரைசல் மார்கழி ஏற்காட்டில் குப்பிக்குள் தண்ணீர்போல ஓடும். வெயில் காலத்தில் அதே குப்பியைச் சேலத்து அஸ்தம்பட்டிக்குக் கொண்டுவந்தால், கவிழ்த்தாலும் விழாத ஜெல்லாகிவிடும்.

எம்.ஃபார்ம், எம்.எஸ்சி. திட்டப்பணிக்காக வெப்பத்தால் இறுகும் ஹைட்ரோஜெல்லை முதல்முறை கையிலெடுப்பவர்களுக்கு எழுதியது இது. பொலாக்சமர் 407-ஐ எடுத்துக்கொண்டதற்குக் காரணம், பாலிமரைத் தயாரிக்கும் வேலை இல்லை, வாங்கிய அன்றே தொடங்கலாம். பிளாக் கோபாலிமர்களின் குணங்களில் பெரும்பாலானவற்றை இந்த ஒன்றிலேயே கண்ணால் பார்த்துவிடலாம்.

உள்ளே என்ன நடக்கிறது

புளூரானிக் எஃப்127, லூட்ரால் எஃப்127, கொல்லிஃபோர் பி407 எல்லாம் இதன் வணிகப் பெயர்கள்தான். ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்று துண்டுகள். இரு ஓரங்களிலும் தண்ணீரை விரும்பும் பாலிஎத்திலீன் ஆக்சைடு, நடுவில் தண்ணீரோடு அரைமனதாக ஒட்டும் பாலிபுரோப்பிலீன் ஆக்சைடு. எண்ணைப் பார்த்தே விவரம் சொல்லலாம்: 40-ஐ 100-ஆல் பெருக்கினால் நடுத்துண்டின் தோராய எடை 4000, கடைசி 7-ஐ 10-ஆல் பெருக்கினால் எத்திலீன் ஆக்சைடின் பங்கு 70%. மொத்த மூலக்கூறு எடை சுமார் 12,600. இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாதது பொலாக்சமர் 188, அதாவது எஃப்68. அதன் நடுத்துண்டு சிறியது, எத்திலீன் ஆக்சைடு 80%. 20% கரைத்தாலும் உடல் வெப்பநிலையில் அது இறுகாது. ஆர்டர் போடும்போது எண்ணை இரண்டு முறை சரிபாருங்கள்.

குளிரில் நடுத்துண்டைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் ஒட்டியிருக்கும், சங்கிலிகள் தனித்தனியாக மிதக்கும். சூடு ஏறும்போது அந்த நீர் விலகும். நடுத்துண்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து உள்ளே ஒளிய, ஓரத் துண்டுகள் வெளியே நீரில் நீட்டிக்கொண்டு நிற்கும். இதுதான் மைசெல், குறுக்களவு 20 முதல் 25 நானோமீட்டர். மைசெல் உண்டாகத் தேவையான குறைந்தபட்ச அடர்த்தி வெப்பநிலையைப் பொறுத்து எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள்: 20 டிகிரியில் சுமார் 4%, 25-ல் 0.7%, 30-ல் 0.1%, 35-ல் 0.025%. ஆக 2% கரைசலில் ஏற்காட்டுக் குளிரில் மைசெல்லே இருக்காது. சேலத்து மதியத்தில் அது முழுக்க மைசெல். இந்த நான்கு எண்களை ஆய்வகச் சுவரில் எழுதி ஒட்டிவைத்தாலும் தகும்.

பாலிமர் அடர்த்தி 15, 16 சதவீதத்தைத் தாண்டினால், மைசெல்கள் நகர இடமில்லாமல் நெருக்கி அடுக்கிக்கொள்ளும். அந்த அடுக்குதான் ஜெல். வேதிப் பிணைப்பு எதுவும் இல்லை. அதனால் குளிர்வித்தால் மறுபடி திரவம், நீர் சேர்ந்து அடர்த்தி குறைந்தால் ஜெல் கரைந்து போகும். இந்தக் குணம் சில வேலைக்கு வரம், சில வேலைக்குத் தடை.

தண்ணீரும் ஐஸும்

பாலிமர் மருந்துத் தரமோ செல் வளர்ப்புத் தரமோ இருக்க வேண்டும். காற்றுப் புகாமல், வெளிச்சம் படாமல் வையுங்கள். பாலிஈதர் சங்கிலி காற்றோடு சேர்ந்து பெராக்சைடு உண்டாக்கும், அது மருந்தையும் செல்லையும் கெடுக்கும்.

மேக்னசைட் தோண்டும் ஊர் இது. போர்வெல் நீர் பல இடங்களில் கடினநீர்தான். கரைசலுக்குக் காய்ச்சி வடித்த நீரோ, அதைவிடத் தூய நீரோதான் வேண்டும். கால்சியமும் மெக்னீசியமும் கலந்த நீரில் பாஸ்பேட் பஃபர் (பி.எச்.-ஐ நிலையாக வைக்கும் கரைசல்) போட்டால் கலங்கும். அந்தக் கலங்கலைப் பார்த்து பாலிமர் சரியில்லை என்று நினைத்துவிடுவார்கள். வாட்டர் பாத்திலும் போர்வெல் நீர் வேண்டாம். ஹீட்டர் காயிலில் உப்புப் படிந்தால் பாத் மெதுவாகச் சூடேறும், ஓரத்துக்கு ஓரம் வெப்பநிலையும் மாறும்.

ஐஸ் தாராளமாக இருக்கட்டும். குப்பிக்கு வெளியே வைக்கும் ஐஸ் என்பதால் மீன் மார்க்கெட்டுக்கு வரும் கட்டியே போதும். உடைத்துத் தெர்மோகோல் பெட்டியில் போட்டு, கொஞ்சம் நீர் ஊற்றி, குப்பி பாதி மூழ்கும்படி வையுங்கள். வெறும் ஐஸ் துண்டுகளுக்கு இடையில் காற்று இருக்கும், குப்பி சீராகக் குளிராது.

20 கிராம் கரைசல், 20%

50 மி.லி. மூடியுள்ள கண்ணாடிக் குப்பியை ஸ்டிர் பார் போட்டு எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். 16.0 கிராம் நீர் ஊற்றி ஐஸில் வைத்து, 5 டிகிரிக்குக் கீழே வரும்வரை காத்திருங்கள். 4.0 கிராம் பாலிமரைத் தனியே எடைபோட்டு, மேக்னடிக் ஸ்டிரர் நிமிடத்துக்கு 150 முதல் 200 சுற்றில் ஓட, கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். 10, 15 நிமிடம் ஆகட்டும். வேகத்தைக் கூட்டினால் நுரைதான் வரும், கரைதல் வேகமாகாது. எல்லாம் நனைந்ததும் மூடி, 2 முதல் 8 டிகிரி ஃபிரிட்ஜில் இரவு முழுக்க விடுங்கள். கதவுத் தட்டில் வைக்காமல் உள்ளே பின்பக்கம் வையுங்கள். காலையில் நுரை அடங்கித் தெளிந்த திரவமாக இருக்கும். எடையை மறுபடி பார்த்து, குறைந்த நீரைச் சேர்த்துவிடுங்கள்.

இதுதான் ஷ்மோல்கா என்ற ஆய்வாளர் 1972-ல் தீக்காயத்துக்கான ஜெல் பற்றி எழுதிய கட்டுரையோடு பரவிய குளிர்முறை. ஐம்பது ஆண்டு கழித்தும் இதை விடச் சுலபமான வழி இல்லை.

வெதுவெதுப்பான நீரில் தூவினால் என்ன ஆகும் என்பது ஜவ்வரிசி வேகவைக்கும் ஊர்க்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும். மேற்பரப்பு உடனே கண்ணாடிபோல் ஜெல்லாகி, உள்ளே நீர் புகாமல் அடைத்துவிடும், நடுவில் வெள்ளைக் கரு நிற்கும். மணிக்கணக்கில் கலக்கினாலும் அது போகாது. ஜவ்வரிசியில் நடந்தது ஸ்டார்ச்சில் திரும்பாத மாற்றம். இங்கே குப்பியை ஐஸில் வைத்து ஒரு நாள் விட்டால் கட்டி தானே கரையும். எனவே கட்டி தட்டிய பாலிமரைக் கொட்டிவிடாதீர்கள். மின்தடையில் ஃபிரிட்ஜ் நின்று கரைசல் இறுகிப்போனாலும் இதே வைத்தியம்தான்.

அடுத்த தவறு கணக்கில். "20% என்றால் 100 மி.லி. நீரில் 20 கிராம்" என்று போடுபவர்கள் நிறைய. மொத்த எடை 120 கிராம், ஆக உண்மையில் 16.7%. சர்க்கரைப் பாகில் இந்த வித்தியாசம் தெரியாது. இங்கே 20%-ல் 22 டிகிரியை ஒட்டி இறுக வேண்டியது பல டிகிரி தள்ளிப் போய்விடும், சில சமயம் தளர்ந்த குழம்பாக நின்றுவிடும். எடைக்கு எடை என்றே எப்போதும் எழுதுங்கள்.

இறுகும் வெப்பநிலையை அளப்பது

ஒரே அளவுள்ள தட்டையடிக் குப்பிகள் மூன்றில் தலா 2 கிராம் கரைசல் எடுங்கள். நான்காவது குப்பியிலும் அதே கரைசல், அதில் தெர்மாமீட்டர் முனை மூழ்கியிருக்கட்டும். பாத் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். ஜெல்லின் உள்ளே சூடு பரவ நேரமாகும்.

சேலத்தில் ஒரு கூடுதல் சிக்கல்: கோடையில் மேல்தொட்டித் தண்ணீரே 30 டிகிரிக்கு மேல் வரும். சாதாரண பாத் சூடேற்றும், குளிர்விக்காது. அதில் குப்பியை வைத்த உடனே இறுகினால் இறுகும் புள்ளி எது என்று எப்படிச் சொல்வது? பாத்தில் ஐஸ் போட்டு 10 டிகிரியில் தொடங்குங்கள். ஒவ்வொரு டிகிரியிலும் 5 நிமிடம், இறுகும் அறிகுறி தெரிந்ததும் 10 நிமிடம் நிறுத்தி, குப்பியைக் கவிழ்த்து 30 விநாடி பாருங்கள். மேற்பரப்பு அசையாத முதல் வெப்பநிலைதான் வேண்டிய எண். குப்பியை எடுத்துக் கவிழ்க்கும் நேரத்தில் உள்ளங்கைச் சூடு ஏறாமல் கழுத்தை மட்டும் பிடியுங்கள்.

வெறும் நீரில் தோராயமாக இப்படி வரும்: 18% என்றால் 25 முதல் 28, 20% என்றால் 20 முதல் 25, 25% என்றால் 15 முதல் 18, 30% என்றால் 10 முதல் 12. லாட்டுக்கு லாட் (ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதிக்கும்) மாறும், ஆகவே புதிய டப்பா திறந்தால் மறுபடி அளந்தே தீர வேண்டும்.

ரியோமீட்டர் (பொருள் எப்படி ஓடுகிறது, நெளிகிறது என்று அளக்கும் கருவி) கிடைத்தால் 1 ஹெர்ட்ஸ், 1% திரிபு, நிமிடத்துக்கு 1 டிகிரி ஏற்றம். சேமிப்பு மாடுலஸ் (திடத்தன்மையின் அளவு) இழப்பு மாடுலஸை (திரவத்தன்மையின் அளவு) தாண்டும் இடத்தைக் குறிக்க வேண்டும். தட்டின் ஓரத்தில் நீர் ஆவியாகாமல் மூடி போடாவிட்டால், பாலிமர் அடர்ந்து பொய்யான ஏற்றம் காட்டும். கவிழ்ப்பு முறையில் வந்த எண்ணும் இதுவும் ஓரிரு டிகிரி வேறுபடும். இரண்டையும் ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள்.

சேலத்துக்கு ஏற்ற இலக்கு

குளிர்நாட்டுக் கட்டுரையைப் பார்த்து 27 டிகிரியில் இறுகும் ஜெல்லை "மேசையில் திரவம், உடலில் ஜெல்" என்று ஆய்வறிக்கையில் எழுதினால், நம் ஊரில் அது மேசையிலேயே ஜெல். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே பயன்படுத்தப்போகிறீர்கள் என்றால் 27 போதும். சிறிது நேரமாவது வெளியே நிற்கும் என்றால் 32 முதல் 34 வரை குறிவையுங்கள்; ஆய்வகம் 35-ஐத் தொடும் மதியத்தில் அதுவும் மேசையில் இறுகும், அப்போது ஐஸ்தான் வழி. கண்ணின் மேற்பரப்பும் 34-ஐ ஒட்டித்தான் இருக்கும் என்பதால் அதற்கு மேலே போனால் கண்ணில் இறுகாது. உண்மையில் நமக்குக் கிடைக்கும் இடைவெளி மிகக் குறுகியது.

உயர்த்துவதற்கு வழக்கமான வழி எஃப்68. எஃப்127-ஐ 20%-ல் நிறுத்தி, எஃப்68-ஐ 2, 4, 6, 8% என்று சேர்த்து நான்கு குப்பிகளை அளந்து வரைபடம் போடுங்கள். இறுகும் வெப்பநிலை ஏறும், ஜெல்லின் உறுதி குறையும். எத்தனாலும் உயர்த்தும். தாழ்த்துபவை அதிகம்: சோடியம் குளோரைடு கொஞ்சம், பாஸ்பேட் அதைவிட அதிகம். பாரபென் வகைப் பதனப்பொருட்களும் தாழ்த்தும். வெறும் நீரில் அளந்த எண்ணை வைத்துக்கொண்டு பி.பி.எஸ். (உப்பு கலந்த பாஸ்பேட் பஃபர்), மருந்து, பதனப்பொருள் எல்லாம் சேர்த்த பிறகும் அதே எண் என்று எழுதுவதுதான் மாணவர் அறிக்கைகளில் அதிகம் காணும் பிழை. எல்லாம் சேர்ந்த இறுதிக் கலவையை அளங்கள்.

கண்ணுக்கான ஜெல்லில் இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு சொட்டு 40 மைக்ரோலிட்டர், கண்ணில் ஏற்கெனவே இருக்கும் கண்ணீர் சுமார் 7 மைக்ரோலிட்டர். 18% கரைசல் விழுந்த கணமே 40-ஐ 47-ஆல் வகுத்த அளவுக்கு நீர்த்து 15.3% ஆகிவிடும், அதாவது ஜெல் விளிம்புக்கே வந்துவிடும். குப்பியில் அழகாக இறுகிய ஜெல் கண்ணில் ஓடிப்போவதற்குக் காரணம் இதுதான். அளக்கும்போதே 40-க்கு 7 என்ற விகிதத்தில் செயற்கைக் கண்ணீரைக் கலந்து இன்னொரு வரிசை அளங்கள். செயற்கைக் கண்ணீர் 100 மி.லி.க்கு: சோடியம் குளோரைடு 0.67 கிராம், சோடியம் பைகார்பனேட் 0.20 கிராம், கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 0.008 கிராம், பி.எச். 7.4. கலக்காத நிலையில் ஆய்வக வெப்பநிலைக்கு மேலேயும், கலந்த நிலையில் 34-க்குக் கீழேயும் இறுக வேண்டும். இரண்டும் சேர்ந்து அமையும் கலவை எளிதில் கிடைக்காது, ஆய்வகமே 34-ஐத் தாண்டும் நாளில் கிடைக்கவே கிடைக்காது. 21% எஃப்127-ல் தொடங்கி எஃப்68-ஐ ஏற்றிப் பாருங்கள்.

மருந்தை ஏற்றுவது: குர்குமினை வைத்துப் பழகுங்கள்

நீரில் கரையாத மருந்து மைசெல்லின் உள்ளே போய்க் கரைவதைக் கண்ணால் பார்க்க, மஞ்சளின் நிறப்பொருளான குர்குமினைப் போல வசதியானது வேறில்லை. மண்டி மஞ்சள்தூள் உதவாது, அதில் சில சதவீதம்தான் குர்குமினாய்டு. தரச்சான்றுள்ள குர்குமின் வாங்குங்கள்.

200 மி.கி. எஃப்127, 4 மி.கி. குர்குமின் இரண்டையும் 10 மி.லி. எத்தனாலில் கரைத்து, உருண்டைக் குடுவையில் ரோட்டவேப்பரில் (வெற்றிடத்தில் சுழற்றி ஆவியாக்கும் கருவி) 45 டிகிரியில் ஆவியாக்கினால் சுவரில் மஞ்சள் படலம் படியும். மிச்ச எத்தனால் போக இரவு வெற்றிடத்தில் வையுங்கள். பிறகு 40 டிகிரி நீர் 10 மி.லி. ஊற்றிச் சுழற்றுங்கள். இங்கே மட்டும் வெந்நீர்தான் சரி. 2% என்பதால் ஜெல் ஆகாது, சூட்டில் மைசெல் நன்றாக உருவாகும். 0.45 மைக்ரான் ஃபில்டரில் சூடாகவே வடிகட்டினால் ஒளி ஊடுருவும் பொன்மஞ்சள் திரவம் வரும். ஃபில்டரில் மஞ்சள் தேங்கினால் அது மைசெல்லுக்குள் போகாத குர்குமின்.

இதை வழக்கம்போல ஃபிரிட்ஜில் வைத்தீர்களா? காலையில் அடியில் மஞ்சள் துகள் படிந்திருக்கலாம். 4 டிகிரியில் மைசெல்கள் கலைந்து தனிச் சங்கிலிகளாகிவிடுவதால் மருந்துக்கு ஒளிய இடமில்லை. 20% ஜெல்லில் நீரில் கரையாத மருந்தை ஏற்றிக் குளிரில் வைப்பவர்களுக்கும் இதே ஆபத்து. பி123 போன்ற, ஓரத் துண்டுகள் குட்டையான பொலாக்சமரைக் கலந்தால் மைசெல் குளிரிலும் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். அந்தந்த நாளுக்குத் தேவையானதை அன்றே படலத்திலிருந்து கரைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

அளவைக் கணக்கிட, எத்தனாலில் நீர்த்து, ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் 425 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைப் படியுங்கள். ஒப்பிட வேண்டிய அளவீட்டு வரைபடத்துக்கு (தெரிந்த அடர்த்திகளை வைத்து வரைவது) மி.லி.க்கு 1 முதல் 5 மைக்ரோகிராம் வரை போதும். குப்பியை அலுமினியத் தாளால் சுற்றுங்கள். நடுநிலை பாஸ்பேட் பஃபரில் 37 டிகிரியில் வெறும் குர்குமின் அரை மணியில் சுமார் 90% சிதைந்துவிடும். மைசெல்லில் இருந்தால் வேகம் குறையும், நிற்காது. வெளியேறிய அளவு ஏறி ஏறி, பிறகு இறங்குவதுபோல வரைபடம் வந்தால் காரணம் இதுதான்.

கிருமிநீக்கமும் ஊசியும்

பாலிமர் கரைசலை 121 டிகிரியில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்யலாம், மருந்து தாங்கினால். முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஆவியான நீரைக் கிருமிநீக்கிய நீரால் ஈடுசெய்யாவிட்டால் அடர்த்தி ஏறி இறுகும் புள்ளி இறங்கிவிடும். வெளியே எடுத்ததும் குமிழிகளோடு இறுகும் முன் ஐஸில் வையுங்கள். ஏற்காட்டில் செய்பவர்கள் அழுத்தமானியை மட்டும் நம்பக் கூடாது. 1500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமே குறைவு என்பதால் 15 பி.எஸ்.ஐ. காட்டும்போது உள்ளே சுமார் 118 டிகிரிதான் இருக்கும். 121-ஐ எட்ட 17 பி.எஸ்.ஐ.க்கு மேல் வேண்டும், அதுவும் கருவி அதைத் தாங்கும் என்றால் மட்டும். வெப்பம் தாங்காத மருந்துக்கு, பாலிமரைத் தனியே ஆட்டோகிளேவ் செய்து, 0.22 மைக்ரானில் வடிகட்டிய மருந்துக் கரைசலைக் குளிரில் கலக்கலாம்.

சிரிஞ்சில் எடுப்பது கோடையில் தனிக்கலை. சிரிஞ்சு, ஊசி, பிப்பெட் முனை எல்லாவற்றையும் ஜிப் கவரில் போட்டு முன்பே ஐஸில் வையுங்கள். 21 முதல் 23 கேஜ் ஊசி. உலோகம் விரல் சூட்டை உடனே வாங்கிக்கொள்ளும் என்பதால் 20% கரைசல் ஊசிக்குள்ளேயே அடைத்துக்கொள்ளும். அழுத்தம் கொடுத்துத் தள்ளாதீர்கள், ஊசி தெறிக்கும். மறுபடி ஐஸில் ஒரு நிமிடம் வைத்தால் திறந்துவிடும்.

எலிகளில் பொலாக்சமர் 407-ஐ வயிற்றறையில் செலுத்தினால் இரத்தத்தில் கொழுப்பும் டிரைகிளிசரைடும் கடுமையாக ஏறும். அதிகக் கொழுப்பு எலி மாதிரியை உருவாக்கவே அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே "பாதுகாப்பான பாலிமர்" என்ற சொல் அளவையும் வழியையும் பொறுத்தது. விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி கையில் வராமல் விலங்கில் தொடக் கூடாது. மாணவர் ஆய்வகத்தில் செய்த ஜெல்லை மனிதர் புண்ணிலோ கண்ணிலோ எக்காரணத்துக்கும் இடக் கூடாது.

எவ்வளவு நேரம் நிற்கும்

ஜெல்லிலிருந்து மருந்து வெளியேறுவதை டயாலிசிஸ் பையில் போட்டு அளப்பது எளிது, ஆனால் பை ஜெல்லைக் கரையவிடாமல் காக்கும், விடை இனிப்பாக வரும். எடைமுறை நேர்மையானது. எடை தெரிந்த குப்பியில் 1 கிராம் ஜெல், 37 டிகிரியில் 10 நிமிடம், மேலே 37 டிகிரிக்குச் சூடாக்கிய பி.பி.எஸ். 1 மி.லி. குறித்த நேரங்களில் மேல்நீர் முழுவதையும் எடுத்து, குப்பியை எடைபோட்டு, புது பி.பி.எஸ். ஊற்றுங்கள். மேல்நீரில் மருந்தை அளங்கள். கரைந்த ஜெல்லின் சதவீதத்துக்கு எதிராக வெளியேறிய மருந்தின் சதவீதத்தை வரைந்தால் நேர்கோடு வருகிறதா? அப்படியென்றால் மருந்து ஊடுருவி வரவில்லை, ஜெல் கரைவதால்தான் வெளியேறுகிறது. புது பி.பி.எஸ். குளிர்ந்திருந்தால் ஒவ்வொரு முறையும் மேல்படலம் திரவமாகி வேகம் பொய்யாக ஏறும்.

சில மணி நேரத்தில் கரைந்துபோவதைக் குறையாகவே பார்க்க வேண்டாம். அமெரிக்காவில் 2020-ல் அனுமதி பெற்ற ஜெல்மைட்டோ என்ற மருந்து இந்த வகை ஜெல்லில்தான் மைட்டோமைசின் என்ற புற்றுநோய் மருந்தைச் சிறுநீர்ப் பாதையின் மேற்பகுதிக்குக் கொண்டுபோகிறது. குளிர்ந்த திரவமாக உள்ளே செலுத்த, அங்கே இறுகி, 4 முதல் 6 மணி நேரத்தில் சிறுநீரோடு கரைந்து வெளியேறும். அந்த இடத்துக்கு அதுதான் தேவை.

வாரக்கணக்கில் நிற்க வேண்டும் என்றால் பாலிமரை மாற்றுங்கள், சதவீதத்தை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். பி.எல்.ஜி.ஏ. (லாக்டிக், கிளைகாலிக் அமிலங்களாலான பாலியெஸ்டர்), பி.ஈ.ஜி. (பாலிஎத்திலீன் கிளைகால்), பி.எல்.ஜி.ஏ. என்ற வரிசையில் அமைந்த மூன்றுதுண்டுப் பாலிமரும் சூட்டில் இறுகும், எஸ்டர் பிணைப்பு மெல்ல உடைந்து வாரங்களில் கரையும். குளிர்நீரில் கரைய நாட்கள் ஆகும். கரைத்த பிறகு நீர் அதை உடைக்கத் தொடங்கிவிடும் என்பதால், கரைசலாகச் சேமிக்காமல் உலர்ந்த பாலிமராகவே மைனஸ் 20-ல் வையுங்கள். எடுத்ததும் மூடியைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். இல்லாவிட்டால் காற்றின் ஈரம் பாலிமர்மேல் படிந்து அதுவே உடைப்பைத் தொடங்கிவைக்கும். எஃப்127-ஐயே விட மனமில்லை என்றால் அதன் இரு முனைகளிலும் அக்ரிலேட் இணைத்து, ஜெல்லான பிறகு புற ஊதா ஒளியில் பிணைக்கும் வழி உண்டு. அது அக்ரிலாயில் குளோரைடு கையாளும் வேலை என்பதால், ஃபியூம் ஹூட் (நச்சு ஆவியை வெளியே இழுக்கும் கூண்டு) இல்லாத இடத்தில் தொடங்க வேண்டாம்.